வேலனுக்கு விலங்கு!

1940-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள். சென்னையிலே ஒரு நாடகக் கொட்டகை. நாடகம், ‘வள்ளி திருமணம்’. மயில்மீது அமர்ந்து, கையிலே வேல் தாங்கி, முருகன் வேடத்திலே ஒருவர் பாடிக் கொண்டிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. சிறையும் வறுமையும் மாறிமாறி மென்று துப்பிய உடல். ஆயினும் குரலிலே குன்றாத வீறு! பாட்டின் நடுவிலே அந்தக் குரல் நிற்கிறது. தலை சாய்கிறது. வேடம் கலையவில்லை, உயிர் பிரிந்துவிட்டது.

அவர்தாம் விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியிலே பிறந்தவர், திருமங்கலத்திலே வாழ்ந்தவர். முடி திருத்தும் தொழிலைப் பிறவித் தொழிலென்று ஊரார் யார் தலையிலே சுமத்தினார்களோ, அந்த மருத்துவ குலத்திலே தோன்றியவர். மேடை ஏறிப் பாடினார், பாடியதற்காகப் பிடிபட்டார், விடுதலையாகி மறுபடி பாடினார், மறுபடி பிடிபட்டார். இருபத்தொன்பது முறை சிறை சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கணக்குச் சொல்கின்றனர்.

சிவகாசி என்றதும் நாட்டோர் நினைப்பது பட்டாசை. அடுத்து நினைப்பது தீப்பெட்டியை, நாட்காட்டியை. 1920-களிலே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து அங்கே ஊன்றினர். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அந்த ஊர் ஒரு வெடியை ஈன்று வெளியே அனுப்பிவிட்டது. அந்த வெடிக்குத் திரி கிடையாது, காகிதம் கிடையாது, உரிமம் வழங்கிய அதிகாரியும் கிடையாது. ஆனால் ஓசை கேட்டு வெள்ளையர் ஆட்சி காதைப் பொத்திக் கொண்டது!

பாட்டுப் பாடியவனுக்குச் சிறை ஏன்? கத்தி எடுத்தானா? கருவூலத்தைக் கொள்ளையிட்டானா? இல்லை. வாய் திறந்தான், அவ்வளவே. வாய்க்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் ஆளவந்தார்கள்? இது முதற் கேள்வி. இதற்கு விடை காண்பது எளிது. இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பாட்டைக் கேட்டுக் கைதட்டிய நமக்கு, பாடியவனிடம் என்ன கடன் இருக்கிறது? இந்த இரண்டாம் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

* * *

விசுவநாததாஸ் பாடிய முறையைச் சற்று உற்று நோக்குவோம். அதிலே ஒரு பெரும் பாடம் இருக்கிறது.

அக்காலத்து ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பது விந்தையான ஏற்பாடு. முருகனாக வருபவர் ஓர் ஊர். வள்ளியாக வருபவர் வேறோர் ஊர். நாரதரும் பபூனும் ஆர்மோனியக்காரரும் ஆளுக்கோர் ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோர் எழுதி வைத்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையிலே சந்தித்ததும் நாடகம் நடக்கும். பாடம் வேலி. ஆனால் வேலிக்கு நடுவே பரந்த வெளி! அந்த வெளியிலே நடிகர் விரும்பியதைப் பேசலாம், விரும்பியதைப் பாடலாம், அன்றைய செய்தியை அன்றிரவே மேடைக்குக் கொண்டு வரலாம்.

1876-இலே நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்ற ஒன்றை ஆங்கில ஆட்சி பிறப்பித்தது. அரச குடும்பத்தார் வருகையை ஒட்டி நடந்த கூத்துகளைக் கல்கத்தா மேடை கேலி செய்ததும் கோபம் பொங்கிப் பிறந்த சட்டம் அது. நாடகத்தைத் தடுக்கலாம், நடிப்பவரைத் தண்டிக்கலாம் என்று அதிகாரிகளுக்கு அது அதிகாரம் அளித்தது. ஆனால் எதைத் தடுப்பது? சுவரிலே ஒட்டிய தாளைப் பார்த்தால் ‘வள்ளி திருமணம்’. புராணம்! பக்தி! எந்தக் கலெக்டர் அதைத் தடுப்பார்?

தினைப்புனத்திலே வள்ளி பறவை ஓட்டும் கட்டம். கிளியை ஓட்ட வேண்டும், குருவியை ஓட்ட வேண்டும். அங்கேதான் வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்து வந்து புகுந்தது என்பர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டு அது. அந்தக் கொக்கு எது, எங்கிருந்து வந்தது, எதைக் கொத்திக் கொண்டு போகிறது என்று கொட்டகையிலே இருந்தோருக்கு எவரும் உரை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. தரையிலே அமர்ந்திருந்த எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்குப் புரிந்தது. நாற்காலியிலே அமர்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது!

நாடகத்தாரிடையே இன்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பாட்டின் நடுவே கைது செய்யக் காவல் அதிகாரி மேடை ஏறினாராம். பிடியாணை விசுவநாததாஸ் பேரிலே இருக்கிறது, இங்கே நிற்பவன் முருகன், வேடம் கலைத்தபின் வந்து பிடித்துக் கொள்ளும் என்னும் பொருள்பட விடை வந்ததாம். எந்தப் பேரரசால் முருகன் பேருக்கு வாரண்டு எழுத முடியும்? வேலனுக்கு விலங்கு மாட்டினால் கொட்டகை சும்மா இருக்குமா?

இங்கே இளந்தோழர் ஒருவர் குறுக்கிடுவார் என்பதை அறிவோம். “கடவுள் வேடம் போட்டவரை, காங்கிரசு மேடையிலே நின்றவரை, நம் ஏடு புகழலாமா?” என்று கேட்பார். நேர்மையான கேள்வி. விசுவநாததாஸ் நம் இயக்கத்தவர் அல்லர். காந்தியாரைப் பின்பற்றியவர், கடவுளை நம்பியவர். அவரைச் சுயமரியாதைக்காரராக மாற்றிக் காட்டும் புரட்டு வேலை நமக்கு வேண்டாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். கருவறைக்குள்ளே கால் வைக்கும் உரிமை எந்தப் பிறவிக்கு இல்லையோ, அந்தப் பிறவி மேடையிலே மயிலேறி அமர்ந்தது. எதிரே கூடியிருந்தோர் கைகூப்பினர். அர்ச்சகன் தரமறுத்த இடத்தை ஆர்மோனியம் தந்தது. கடவுளை அவர் நம்பியிருக்கலாம். ஆனால் கடவுளின் கிரீடத்தை அவர் ஒரு தலைக்கவசமாகவே பயன்படுத்தினார். நேராகப் பேச வழியில்லாத காலத்திலே, உண்மை எந்தச் சட்டை கிடைக்கிறதோ அதைப் போட்டுக் கொண்டு வெளியே வருகிறது.

மேலும் ஒன்று. நம்மோடு ஒத்துப் போகிறவனின் உரிமைக்கு மட்டும் குரல் கொடுப்பது பங்காளிப் பாசம். ஒத்துப் போகாதவனின் உரிமைக்கும் குரல் கொடுப்பதற்குத்தான் பகுத்தறிவு வேண்டும்.

* * *

கொட்டகையிலிருந்து சற்று வெளியே வந்து உலகைப் பார்ப்போம்.

‘பங்க்’ என்று ஓர் இசை உண்டு. 1970-களின் நடுவிலே நியூயார்க்கிலும் இலண்டனிலும் தலையெடுத்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உதவாக்கரை, போக்கிரி என்பன போன்ற பொருள்கள். வசையையே பெயராகச் சூட்டிக் கொண்ட இசை அது. கிட்டாரிலே மூன்று பிடி தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். இனிமை வேண்டாம், ஏழு தலைமுறைச் சங்கீத ஞானம் வேண்டாம், சபாவின் சம்மதம் வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சுருக்கென்று, சூடாக, உரக்கச் சொன்னால் போதும். கூத்தாடி என்று இகழப்பட்டவன் அந்தக் கூத்தையே கருவியாக்கியதைக் கண்ட நமக்கு, இழிவுக்கு அடையாளமென்று கறுப்பை அணிந்து அதையே எழுச்சிக்கு நிறமாக்கிய இயக்கத்திலே வளர்ந்த நமக்கு, இந்தப் பங்க் இளைஞர்கள் அயலார் அல்லர்.

அந்தப் பெயர் பரவுமுன்பே, செக்கோசுலோவேகியாவின் தலைநகர் பிராகிலே ஓர் இசைக்குழு இருந்தது. ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்று பெயர். 1968 ஆகஸ்டிலே சோவியத் டாங்கிகள் பிராகிற்குள் நுழைந்தன. அதை ஒட்டியே அந்தக் குழு தோன்றிற்று. அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கப் பாடவில்லை. தாம் விரும்பியவாறு முடி வளர்த்து, விரும்பியவாறு வாசிக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவே ஆசை! 1970-இலே உரிமம் பறிக்கப்பட்டது. மண்டபம் இல்லை, வானொலி இல்லை. சிற்றூர்களிலே, தனியார் விருந்துகளிலே, திருமண வீடுகளிலே வாசித்தார்கள். 1976 மார்ச்சிலே காவலர் வந்து அள்ளிச் சென்றனர். செப்டம்பரிலே அவர்களையும் நட்புக் குழுவினரையும் சேர்ந்த நால்வருக்குச் சிறை. குழுவின் வழிகாட்டியான இவான் யிரோசுக்குப் பதினெட்டு மாதம்.

குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அரச எதிர்ப்பு என்று எழுதவில்லை. காலித்தனம் என்று எழுதினர்! 2012-இலே மாஸ்கோவின் பெரிய தேவாலயத்திலே, ஆட்சியாளருக்கு எதிராக ஒரு நிமிட அளவு பாடி ஆடிய ‘புஸ்ஸி ரயட்’ என்ற பங்க் குழுவின் மூன்று பெண்களுக்கு ஈராண்டுச் சிறை விதித்தார்களே, அங்கும் குற்றச்சாட்டு காலித்தனமே. முப்பத்தாறு ஆண்டு இடைவெளி. பொதுவுடைமை போய் வேறு கொடி வந்துவிட்டது. குற்றப் பத்திரிகையின் சொல் மட்டும் மாறவில்லை. பாட்டுக்கு அஞ்சினோம் என்று எந்த ஆட்சியும் ஒப்புக் கொள்ளாது. பாடியவன் ஒழுங்கற்றவன், அழுக்கன், ஆபாசக்காரன் என்றே எழுதும்.

2011 டிசம்பரிலே, இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திலே, பங்க் இசை நிகழ்ச்சிக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காவலர் பிடித்தனர். என்ன செய்தார்கள்? தலையை மழித்து, ஏரியிலே இறக்கி, ஒழுக்கப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்தக் கத்தியைப் பிடிப்பதை இழிதொழில் என்று நம் ஊர் ஒரு குலத்தின்மீது சுமத்திற்றோ, அந்தக் கத்தியை ஓர் அரசாங்கமே கையில் எடுத்துக் கொண்டது, மானத்தை மழிப்பதற்கு!

பர்மாவை நாம் மறக்க முடியாது. தமிழர் திரள்திரளாகப் பிழைக்கப் போன நாடு. அங்கே சேயா தோ என்ற இளைஞர், தாளத்துக்குச் சொல்லடுக்கும் ராப் இசையைத் தம் மக்களின் மொழியிலே பரப்பியவர்களுள் ஒருவர். இராணுவ ஆட்சி 2008-இலே அவரைச் சிறையிலிட்டது. வெளியே வந்து, 2012 இடைத்தேர்தலிலே மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினர். 2021-இலே இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடுங்கிக் கொண்டது. 2022 ஜூலையிலே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பாடகனாய்த் தொடங்கிய பயணம் கொலைக்களத்திலே முடிந்தது.

ஏன் இத்தனை அச்சம்? நம் பட்டாசுக் கூடத்திலே வேலை செய்யும் எந்தத் தாயைக் கேட்டாலும் விடை சொல்வாள். ஒரு பிடி கருமருந்தைத் தரையிலே தூவித் தீ வைத்தால் புஸ்ஸென்று எரிந்து போகும், ஓசை இராது. அதே மருந்தைக் காகிதத்திலே அடைத்து, இறுகச் சுற்றி, மூச்சு விட இடமில்லாமல் கட்டினால்தான் வெடி. ஓசை மருந்திலே மட்டும் இல்லை, கட்டிலே இருக்கிறது. பிராகின் இளைஞர்களைப் பாட விட்டிருந்தால், அவர்கள் தம் நண்பர் கூட்டத்துக்கு வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இறுக்கிக் கட்டினர். அவ்வழக்கு எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல் போன்றோரை ஒன்று சேர்த்தது; 1977 சனவரியிலே ‘சாசனம் 77’ என்ற உரிமை முழக்கம் பிறந்தது. 1989 முடியுமுன் அந்த ஆட்சி வீழ்ந்தது. அந்த ஹாவெலே குடியரசுத் தலைவரானார். கட்டியவர்களே வெடியைச் செய்தார்கள்!

முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஓசை கேட்டு அஞ்சுகிற ஆட்சி, தான் கட்டிய கட்டின் இறுக்கத்தை அறிந்திருக்கிறது.

* * *

இனி இரண்டாம் கேள்வி. இங்கேதான் நம் முகத்தையும் கண்ணாடியிலே பார்க்க வேண்டும்.

விசுவநாததாசுக்கு வெள்ளையன் சிறை தந்தான். அதைச் சொல்லச் சொல்ல நமக்கு வீரம் பொங்குகிறது. நம்மவர் தந்தது என்ன? பெயர்பெற்ற நடிகையர் பலர் அவரோடு இணைந்து நடிக்க மறுத்தனர் என்று நாடக வரலாறு கூறுகிறது. குரல் சரியில்லை என்றா? நடிப்புக் குறைவு என்றா? இல்லை, தோழர்களே! அவர் பிறந்த குலம் சரியில்லை என்று.

‘வள்ளி திருமணம்’ என்ன கதை? மேலுலகத்துக் கடவுள் எனப்படுபவன், தினைப்புனம் காக்கும் குறக்குலப் பெண்ணைத் தேடி வந்து, கெஞ்சி, கிழவனாய் வேடமிட்டு, மணந்து கொள்ளும் கதை. குலம் பாராத காதலின் கதை என்று கொட்டகை கண்ணீர் விட்டுக் களித்தது. ஆனால் அந்தக் கதையை நடிக்க மேடை ஏறியபோது, முருகன் நாவிதன் என்பதால் வள்ளி கிடைக்கவில்லை! இதைவிடக் கசப்பான அங்கதத்தை எந்தப் புலவனும் எழுதியதில்லை.

அவர் சிறுவராக இருந்த 1899-இலே சிவகாசி பற்றி எரிந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார் மக்கள்மீது சாதிக் கூட்டம் படையெடுத்து வந்து தீயிட்டது, கொள்ளையிட்டது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இலே தீர்ப்பு: நாடார்களுக்கு உள்ளே நுழைய உரிமையில்லை! கடல் கடந்த வெள்ளைக்காரனின் நீதிமன்றம், உள்ளூர்ச் சாதியின் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்து கொடுத்தது. வெளியிலே ஓர் ஆட்சி, உள்ளே ஓர் ஆட்சி. இரண்டும் தேவைப்பட்டபோது கைகுலுக்கிக் கொண்டன. விசுவநாததாசின் பாட்டு வெளி ஆட்சியைத் தாக்கிற்று. அவர் வாழ்க்கை உள் ஆட்சியால் தாக்கப்பட்டது. கைதட்டிய கைகளே அந்த உள் ஆட்சியின் கைகள்!

கைதட்டல் மலிவானது. பாடுகிறவன் சிறை செல்கிறான். தட்டுகிறவன் வீடு செல்கிறான். பாடுகிறவன் பக்கத்திலே உட்கார்ந்து உண்பதற்கும், அவன் வீட்டிலே பெண் எடுத்துப் பெண் கொடுப்பதற்கும் ஆகும் விலைதான் உண்மை விலை. அந்த விலையை எத்தனை பேர் கொடுத்தார்கள்?

இன்னும் ஒருபடி மேலே போவோம். கைதட்டியவர்கள் ஆட்சிக்கே வந்தால் என்ன ஆகும்?

வந்தார்கள். கொக்குப் பாட்டுக்குக் கொட்டகையிலே கைதட்டிய கட்சி கோட்டைக்குள்ளே சென்று அமர்ந்தது. 1954-இலே, விருதுநகர் ஈன்ற காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்துக்கென்று ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. நடிகவேள் எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகம் பலர் உள்ளத்தைப் புண்படுத்துகிறதாம்! 1876-இலே வெள்ளையன் செய்த அதே பூட்டு. 1954-இலே கதராடை உடுத்திய சாவி. கல்விக் கண் திறந்த தலைவர் என்று காமராசரைப் போற்றுவதிலே நாம் யாருக்கும் பின்தங்கியவர் அல்லோம். ஆயினும் வரலாற்றின் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட முடியாது.

இந்த இடத்திலே நம் தோழர்கள் மகிழ்ந்து கைதட்டுவார்கள். பொறுங்கள். 1967-இலே நம்மவர் ஆட்சி வந்தது. அந்தச் சட்டத்தால் காயம்பட்ட இயக்கத்தின் ஆட்சி! அந்தப் பூட்டை உடைத்தோமா? இல்லை. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையிலே தணிக்கைக் கத்தரி நம் இயக்க ஏடுகள்மீதே பாய்ந்தது. வலி என்னவென்று மறுபடி உணர்ந்தோம். அதன்பின்னும் உடைக்கவில்லை. மாறிமாறி ஆட்சிகள் வந்தன. சட்டம் அலமாரியிலே அப்படியே கிடந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கிலே, 2013-இலே சென்னை உயர்நீதிமன்றம்தான் அதன் முதன்மைப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாம் செய்திருக்க வேண்டியதை நீதிபதிகள் செய்ய நேர்ந்தது.

2015 அக்டோபரிலே, திராவிடம் என்ற சொல்லைப் பெயரிலே தாங்கிய ஒரு கட்சியின் ஆட்சியிலே, மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவனைத் திருச்சியிலே கைது செய்தனர். எந்தப் பிரிவிலே? 124-அ, அரச நிந்தனை! வெள்ளையன் 1870-இலே சேர்த்த பிரிவு. திலகரையும் வ.உ.சி.யையும் சிறைக்கு அனுப்பிய பிரிவு. அதை 2022 மே திங்களிலே உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலே அதன் சாயலில் வேறொரு பிரிவு வேறொரு எண்ணோடு வந்து அமர்ந்திருக்கிறது. கொக்கு பறந்துவிட்டது; கூடு இருக்கிறது.

* * *

“அப்படியானால் எவன் எதைப் பாடினாலும் பொறுக்க வேண்டுமா?” என்று கேட்போர் உண்டு. ஓசை மட்டுமே உயர்வாகிவிடாது என்பதை நாமும் ஒப்புகிறோம். பிரிட்டனிலே நிறவெறியர்களும் அதே பங்க் இசையை எடுத்துக் கொண்டு, குடியேறி வந்த எளிய மக்களைத் தூற்றிப் பாடினர். அந்த வெறிக்கு எதிராக 1976-இலேயே இசைவாணர்களும் இளைஞர்களும் ஓர் இயக்கம் கண்டு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையிலே பாடினர். நம் ஊர்த் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வைத்துச் சாதிப் பெருமை பாடுகிறார்கள். சேரிப் பக்கம் வரும்போது ஒலியைக் கூட்டுகிறார்கள். அதுவும் உரத்த பாட்டுத்தான். அது எதிர்ப்பா?

அளவுகோல் ஒன்று சொல்வோம். கல் எந்தப் பக்கம் எறியப்படுகிறது என்று பாருங்கள். கீழே கிடப்பவன்மீது எறிவது கொடுமை. மேலே நிற்பவனை நோக்கி எறிவது எதிர்ப்பு. அடுத்து, பாடுகிறவன் எந்த விலை கொடுக்கிறான் என்று பாருங்கள். மாலை வாங்கிக் கொண்டு பாடுவது வேறு. வேலை, வீடு, விடுதலை மூன்றையும் பணயம் வைத்துப் பாடுவது வேறு. இந்த இரண்டு சோதனையிலும் தேறிய பாட்டு, காதுக்கு எவ்வளவு கரகரப்பாக இருந்தாலும், நாம் கேட்டாக வேண்டிய பாட்டு. அது நம்மையே குத்தினாலும் கேட்டாக வேண்டும். நம்மைக் குத்தும்போதுதான் கட்டாயம் கேட்டாக வேண்டும்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லிவிட்டுப் பேனாவை மூட நமக்கு மனம் வரவில்லை. நம் கணக்கையும் வைத்துவிடுகிறோம்.

நாம் பாடம் சொல்லும் பள்ளியிலே ஆண்டுவிழா. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானே ஒரு பாட்டு எழுதிக் கொண்டு வந்தாள். அவள் தாய் பட்டாசுக் கூடத்திலே வேலை செய்பவர். மாலையிலே வீடு திரும்பும் தாயின் விரலிலே கழுவக் கழுவப் போகாத வெள்ளி மருந்தைப் பற்றிய பாட்டு. மேசையைத் தட்டிக் கொண்டே, ஒரு வகைக் கோபத்தோடு பாடிக் காட்டினாள். சுருதி சேரவில்லை; சொல் சுட்டது. கடைசி இரண்டு வரிகளிலே, வெடித்த மறுநாள் ஓடி வரும் அதிகாரி வெடிப்பதற்கு முதல்நாள் எங்கே இருந்தார் என்று கேட்டிருந்தாள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலே ஏறத்தாழ நாற்பது உயிர்கள் வெடியிலே கருகின. அதன்பிறகும் இந்த வட்டாரத்திலே வெடி ஓய்ந்ததில்லை. அப்படியிருக்க, அது கேட்கத் தகாத கேள்வியா?

விழாவின் முன்வரிசையிலே தொழில் நடத்தும் நன்கொடையாளர் அமர்வார், அதிகாரியும் அமர்வார். நாம் சிவப்பு மையை எடுத்தோம். அந்த இரண்டு வரிகளையும் அடித்தோம். “பாட்டு நீளமாக இருக்கிறது, அம்மா” என்றோம். எவரும் நம்மை அடிக்கச் சொல்லவில்லை. எந்தச் சட்டப் பிரிவும் நம் கையைப் பிடிக்கவில்லை. கலெக்டர் செய்த வேலையைக் கூலியில்லாமல் நாமே செய்தோம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மிச்சத்தைப் பாடினாள். முன்வரிசை கைதட்டிற்று. நாமும் தட்டினோம்.

அன்றிரவு நினைத்துப் பார்த்தோம். பகுத்தறிவுக் கூட்டத்திலே பேசுகிறோம். கருத்துரிமை பற்றி எழுதுகிறோம். விசுவநாததாஸ் பெயரைச் சொல்லி இளைஞர்களைச் சிலிர்க்க வைக்கிறோம். ஆனால் பதினைந்து வயதுப் பெண் நம் எதிரே நின்று பாடியபோது, நம் கையிலே இருந்தது பேனாவா, பூட்டா?

இறந்துபோன எதிர்ப்பாளனைப் போற்றுவது எளிது. அவன் நம்மைக் கேள்வி கேட்க வரமாட்டான். திருமங்கலத்திலே விசுவநாததாசுக்கு நினைவில்லம் இருக்கிறது. மாலை போடலாம், படம் எடுக்கலாம். ஆனால் அவருக்குப் பட்ட கடன் அங்கே தீராது. அந்தக் கடன் வகுப்பறையிலே தீர வேண்டும். வீட்டிலே, தொழிற்கூடத்திலே, சங்கத்திலே, நம் கட்சி மாநாட்டுப் பந்தலிலே தீர வேண்டும். நம்மை நோக்கிப் பாடுகிற குரல் எழும்போது, அது சின்னப் பெண்ணின் குரலாயினும் சேரி இளைஞனின் பறையாயினும், எழுந்து இடம் கொடுத்து, பக்கத்திலே உட்கார வைத்து, முடியும்வரை கேட்கிறோமா என்பதிலே தீர வேண்டும்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, அடித்தது தவறு என்று வகுப்பின் நடுவிலேயே சொன்னோம். அடுத்த ஆண்டுவிழாவிலே அந்தப் பாட்டு மீண்டும் வரும் என்று வாக்களித்தோம். அவள் நம்மை நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. ஆனால் முன்வரிசையிலே யார் அமர்ந்திருந்தாலும், அந்த இரண்டு வரிகளும் பாடப்படும். அன்று நாம் கைதட்டினால், அதற்கு ஒரு பொருள் இருக்கும்.